ஜம்பரும் சந்தனப் பொட்டும்

என் தங்கை கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை வந்து, அங்கே வண்டி மாறி, கீரனூரில் என் கடை வாசலில் இறங்கியபோது கையில் ஒரு பை முந்திரிப் பருப்பும் ஒரு சின்ன அட்டைப் பெட்டியும் இருந்தன. முந்திரி எப்போதும் வருவதுதான். பெட்டி புதிது. திறந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சை சர்க்யூட் போர்டு. ஒரு பக்கம் அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கைச் செருகும் இடம், மறுபக்கம் யுஎஸ்பி ஒயர், கரண்டுக்குத் தனியாக ஒரு அடாப்டர். இதை வைத்துப் பழைய டிஸ்க்கை இப்போதைய லேப்டாப்பில் திறக்கலாம் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு ஆன்லைனில் வரவழைத்திருக்கிறாள்.

"அந்த டிஸ்க்க எடுங்கண்ணே. இதுலயும் இல்லன்னா இனிமே நான் கேக்க மாட்டேன்" என்றாள்.

எந்த டிஸ்க் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் டிஸ்க் என்றால் ஒன்றுதான். அதில் அவளுடைய கல்யாண வீடியோ இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். தை மாதம் அப்பா போய்விட்டார். போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அப்பா ரேஷன் கார்டுக்கு நிற்பவரைப்போல விறைத்துக்கொண்டு நிற்பார். அவர் நடந்ததும் பேசியதும் சிரித்ததும் அந்த ஒரு வீடியோவில் மட்டும்தான். ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் திதிக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, அந்த டிஸ்க் இருக்கிறதா அண்ணே என்று கேட்பாள். இருக்கிறது, ஆனால் அதில் ஒன்றும் இல்லை, அழித்துவிட்டான் என்று நானும் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன்.

அழித்துவிட்டான் என்று நான் சொன்னது என் கூட்டாளியை.

அதனால் அந்தப் பச்சை போர்டைப் பார்த்ததும் பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தேன். வீடியோ கிடைத்தால் தங்கைக்கு அப்பா கிடைப்பார். ஆனால் அது அங்கே இருந்தால் அவன் அழிக்கவில்லை என்று ஆகும். பத்தொன்பது வருஷமாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது பொய் என்று ஆகும். டிஸ்க் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். திறக்காமலே போனாலும் பரவாயில்லை என்றும் உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

இந்தக் கடை முதலில் எங்கள் இரண்டு பேருடையது. அவன் கொடும்பாளூர்ப் பக்கம். திருச்சிக்கு ஒரே பஸ்ஸில் கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போய் வந்த பழக்கம், பிறகு சேர்ந்தே கடை போட்டோம். கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட், கல்யாண வீடியோ. கேமரா அவன், மிக்ஸிங் நான். மத்தியானம் இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் வரத் தாமதமானால் அப்பா எனக்குக்கூட இலை போட விடமாட்டார். பெற்ற மகன் பசியோடு உட்கார்ந்திருக்கிறேனே என்று நான் முனகுவேன். அவர் காதிலேயே வாங்க மாட்டார்.

எனக்கு மூக்கின்மேல் கோபம், வாய் முந்தும். அவன் எதையும் இரண்டு தரம் பார்த்துத் தொடுகிறவன். கம்ப்யூட்டரைக் கழற்றினால் திருகாணிகளை நான் மேஜைமேல் உருள விட்டுவிடுவேன். அவன் ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைப்பான். ஜம்பர் விஷயத்தில் இன்னும் மோசம். அப்போதைய டிஸ்க்கின் முதுகில் குட்டிக் குட்டிக் கம்பி ஊசிகள் ஜோடி ஜோடியாக நிற்கும். எந்த ஜோடியை இணைக்கிறோமோ அதற்கு ஏற்றபடி டிஸ்க் நடந்துகொள்ளும். அந்த ஜோடியின் மேல் மாட்டுகிற உளுந்தம்பருப்பு அளவுப் பிளாஸ்டிக் தொப்பிதான் ஜம்பர். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் இருந்தால் எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று சொல்வதும் அதுதான். வேண்டாத ஜம்பரை நான் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுத் தொலைப்பேன். அவன் தொலைக்க மாட்டான். இரண்டு ஊசியில் மாட்டாமல் ஒரே ஊசியில் ஓரமாகத் தொங்க விடுவான். அப்படி மாட்டினால் வேலையும் செய்யாது, காணாமலும் போகாது. ஒற்றைக் காலில் நிற்கிறது, இருக்கட்டும் என்பான்.

எங்கள் எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு எண்பது ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கியபோது இரண்டு பேரும் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தோம். அதை இரண்டாகப் பிரித்தோம். முப்பது ஜிபிக்கு ஒன்று, மீதி எல்லாம் இன்னொன்று. முதலாவதற்கு முன்கட்டு, இரண்டாவதற்குப் பின்கட்டு என்று பெயர். முடிந்த வேலை முன்கட்டில், நடக்கிற வேலை பின்கட்டில். செவ்வாய்க்கிழமை கல்யாணம் இருக்காது என்பதால் அன்றைக்கு அவன் உட்கார்ந்து, கொடுத்து முடித்த வீடியோக்களை அழித்து இடம் பண்ணுவான். கேசட்டுகளையும் அடுத்த முகூர்த்தத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்வோம். டிஸ்க்கில் ஏற்றிவிட்டால் கேசட் எதற்கு என்பது எங்கள் கணக்கு. தங்கையின் கல்யாணக் கேசட்டின்மேல் வேறு யாருடைய கல்யாணத்தையோ பதிந்தது நான்தான்.

அவள் வீடியோ பின்கட்டில் கிடந்தது. வெளியாள் வேலை என்றால் பதினைந்து நாளில் கொடுத்தாக வேண்டும். நம் வீட்டு வேலைதானே, மெதுவாகப் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி ஆயுத பூஜை வந்துவிட்டது. வருஷா வருஷம் பூஜைக்கு முதல்நாள் எல்லாவற்றையும் கழற்றித் துடைப்போம். கீபோர்டு, பிரிண்டர், கேமரா, ஸ்குரு டிரைவர், ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு டிஸ்க் பக்கம் போனபோது அவன் கையைப் பிடித்தான். பொட்டியில வையி மாப்ள, டிஸ்க்குல வேணாம், லேபிள் மறையுது என்றான். சாமி காரியத்தில் வாயை வைக்காதே என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கின் லேபிள்மேல் ஓர் ஒற்றை ரூபாய் அகலத்துக்கு நன்றாக அப்பினேன். அந்த டிஸ்க்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது, அதற்கு வைக்காமல் எதற்கு வைப்பது? அவன் சிரித்துவிட்டுப் பொரி தின்னப் போய்விட்டான்.

ஐப்பசி மழையில் ஒரு திங்கட்கிழமை இடி விழுந்து எடிட்டிங் கம்ப்யூட்டர் புகைந்தது. டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்தோம். இரண்டு நாள் கழித்துத் தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் வீடியோ எப்போது என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவன் வெளியூரில் ஒரு காதுகுத்துக்குக் கேமராவோடு போயிருந்தான். நான் பொறுக்க மாட்டாமல், பத்திரிகை அடிக்கிற பழைய கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கை ஸ்லேவாக மாட்டினேன். கருப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்து வந்து அப்படியே நின்றது. திருச்சியில் எங்களுக்குச் சாமான் கொடுக்கிறவருக்கு போன் போட்டேன். பழைய போர்டு பெரிய டிஸ்க்கைத் தாங்காது, அதற்கு இன்னொரு ஜம்பர் போட வேண்டும், லேபிளில் படம் போட்டிருக்கும், படித்துப் பார்த்து மாட்டுங்கள் என்றார். லேபிளில் என் சந்தனம் கல்லாக இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்ட மனசில்லை. எத்தனையாவது ஜோடி என்று மட்டும் சொல்லுங்கள் என்று அவரை அவசரப்படுத்தினேன். சொன்னார், மாட்டினேன். கம்ப்யூட்டர் ஓடியது. முன்கட்டு திறந்தது. பின்கட்டு இல்லை.

இல்லையென்றால் சுத்தமாக இல்லை, பெயர்கூட இல்லை. அதற்கு முந்தின வாரச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. அவன் வந்து கேமராப் பையை இறக்கி வைப்பதற்குள், பத்திரிகைக்கு வந்திருந்தவர்கள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"நான் தொடல மாப்ள" என்றான்.

நீ தொடாமல் செவ்வாய்க்கிழமை பேயா வந்து தொட்டது என்றேன். அதற்கு மேலும் என்னென்னவோ சொன்னேன். எழுதக்கூடியவை அல்ல. அவன் மூன்று தரம் அதே வார்த்தையைச் சொன்னான், நாலாவது தரம் சொல்லவில்லை. கேமராப் பையைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த மாதமெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அப்பா அவன் எங்கே என்று கேட்பார். வேலையாகப் போயிருக்கிறான் என்பேன். தை மாதம் அப்பா போனபோது அவன் வந்தான். சுடுகாடு வரைக்கும் தோள் கொடுத்தான். பாடையின் முன்பக்கம் நான், பின்பக்கம் அவன். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. வீடியோவும் இல்லை, அப்பாவும் இல்லை என்று ஆனதில் என் கோபம் இறுகிப்போயிருந்தது.

கருமாதி முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஒரு காலையில் கடை வாசலில் வந்து நின்றான். சட்டைப்பையில் ஒரு சின்னச் சிமிட்டா, பொடிச் சாமான்களைப் பிடித்து எடுக்கிற இடுக்கி. உள்ளே வரவில்லை. படிக்கட்டுக்குக் கீழே நின்றபடியே கேட்டான்.

"அந்த டிஸ்க்க ஒரு அஞ்சு நிமிசம் குடு மாப்ள."

"அழிச்சது பத்தாதா? மிச்சத்தையும் அழிக்கணுமா?" என்றேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் முகத்தில் அடித்தமாதிரி எழுந்து உள்ளே போய் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது அவன் இல்லை. அதோடு சரி.

என் கடையை விட்டுப் போன கையோடு அவன் திருச்சியில் ஏதோ சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். இப்போது விராலிமலையில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். அந்த வழியில் பஸ்ஸில் போகும்போது அவன் கடை இருக்கிற பக்கத்தில்தான் உட்காருவேன். கடை நெருங்கியதும் முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொள்வேன். பார்க்கக் கூடாது என்றால் மறுபக்கம் உட்கார வேண்டியதுதானே என்று என்னை யாராவது கேட்டிருந்தால் பதில் கிடையாது. ஒரு தரம் திருப்ப மறந்துவிட்டேன். கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். தலை முன்பக்கம் நன்றாக நரைத்திருந்தது.

கடையில் எதைப் புதிதாக வாங்கினாலும் அவனிடம் சொல்ல ஒரு வார்த்தை என் வாயில் வந்து நிற்கும். இப்போதைய டிஸ்க்கில் மாஸ்டரும் கிடையாது, ஸ்லேவும் கிடையாது, ஜம்பர் என்றால் என்னவென்றே வருகிறவர்களுக்குத் தெரியாது. இதை அவனிடம் சொன்னால் என்ன சொல்லிச் சிரிப்பான் என்று யோசிப்பேன். நிலத்துக்கு அடங்கல் எடுக்க, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க என்று நாள் முழுக்கக் கடையில் ஆள் இருக்கும். ஆனாலும் மத்தியானம் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கும்போது ஒரு வெறுமை வரும். அவன் செய்தது துரோகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டே அவனுக்காக ஏங்குவேன். இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

தங்கை முந்திரிப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் பீரோவின் அடித்தட்டிலிருந்து மஞ்சள் பையில் சுற்றிய டிஸ்க்கை எடுத்து வந்தேன். சந்தனம் கறுத்து, வெடித்து, ஆனால் விடாமல் ஒட்டியிருந்தது. அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

டிஸ்க்கைப் போர்டில் செருகிக் கரண்டு கொடுத்தேன். உள்ளே சக்கரம் சுழலும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் கழித்தும் சுற்றியதே எனக்கு ஆச்சரியம். ஆனால் லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. போர்டைத் திருப்பிப் பார்த்தேன். அதன் ஓரத்தில் மூன்று ஊசி, ஒரு ஜம்பர், பக்கத்தில் பொடி எழுத்தில் எம், எஸ் என்று இருந்தது. போர்டு மாஸ்டரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க் இன்னும் ஸ்லேவாகவே இருக்கிறது, பழைய கம்ப்யூட்டரில் நான் மாட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே. இரண்டும் ஒரே பேச்சுப் பேசினால்தான் ஒன்றையொன்று பார்க்கும். கரண்டை நிறுத்தி, போர்டின் ஜம்பரை எஸ் பக்கம் மாற்றி, திரும்பக் கொடுத்தேன். லேப்டாப் டிங் என்றது.

முன்கட்டு வந்தது. யார் யாருடையவோ கல்யாணங்கள், பத்திரிகைகள். பின்கட்டு இல்லை.

"பாத்தியா, இல்ல" என்றேன். என் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அது அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

அவள் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, டிஸ்க்கின் மொத்த அளவைக் காட்டும்படி நான் திறந்து வைத்திருந்த லேப்டாப்பைப் பார்த்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. முந்திரிக் கொல்லையும் மாடும் பார்க்கிறவள். ஆனால் மூட்டை கணக்கு அவளிடம் தப்பாது.

"இது எம்பதுன்னுதானே வாங்குனீங்க? இங்க மொத்தமே முப்பத்தொண்ணுதான் காட்டுது. மிச்சம் எங்கண்ணே?"

எனக்குச் சுருக்கென்றது. அழித்தால் உள்ளே இருக்கிற சாமான்தான் போகும், வீட்டின் அளவு எப்படிக் குறையும்? பத்தொன்பது வருஷத்தில் இந்த ஒரு கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கோபப்படத் தெரிந்த எனக்குக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

துணியைத் தண்ணீரில் நனைத்துச் சந்தனத்தின்மேல் வைத்தேன். மெதுவாக ஊறி, கரைந்து வந்தது. அடியில் ஊசிகளின் படம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. நான் மாட்டியிருந்த ஜோடிக்கு நேராக, இந்த ஜம்பர் போட்டால் டிஸ்க் முப்பத்திரண்டு ஜிபிக்கு மேல் தன்னைக் காட்டாது என்று போட்டிருந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் தாங்குவதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. அழிந்துபோகவில்லை. ஒளித்து வைத்திருந்தது. ஒளித்து வைத்தது என் கை. அதைச் சொல்கிற வரியின்மேல் பொட்டு வைத்து மூடியதும் என் கைதான்.

கரண்டை நிறுத்தினேன். ஜம்பர் இறுகிப்போயிருந்தது, நகத்துக்கு வரவில்லை. தங்கை தாலிக் கொடியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஊக்கின் முனையால் நெம்பியபோதுதான் எனக்கு அந்தச் சிமிட்டா ஞாபகம் வந்தது. படிக்கட்டுக்குக் கீழே அவன் நின்றது, ஐந்து நிமிஷம் கேட்டது. அவன் இதைக் கழற்றத்தான் வந்திருக்கிறான். ஜம்பர் தெறித்து மேஜையில் விழுந்தது.

திரும்பக் கரண்டு கொடுத்தேன். பின்கட்டு வந்தது. அதில் வீடு என்று ஒரு ஃபோல்டர்.

முதல் துண்டிலேயே பந்தி. அப்பா வெள்ளைச் சட்டையில், தோளில் துண்டோடு, இலைகளுக்கு நடுவே வேகமாக நடந்து வந்தார். அவர் வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். தங்கை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கடைசி வரிசையில் ஓர் இலை காலியாக இருந்தது. யாரோ உறவுக்காரர் அதில் உட்காரப் போனார். அப்பா ஓடிப்போய்த் துண்டை அந்த இடத்தில் போட்டார்.

"அதுல ஒக்காராதீங்க, அது ஏம்மவன் எலை" என்றார். பிறகு நிமிர்ந்து நேராக கேமராவைப் பார்த்தார். "எடுத்தது போதும், வந்து சாப்புடுப்பா."

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. இருபத்தாறு வயசுக் குரல். "இந்தா வாரேன்ப்பா. இங்கிட்டு பாத்து ஒருக்கா சிரிங்க."

அப்பா சிரித்தார்.

தங்கை அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். நாலாவது தரம் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவள் அப்பாவைப் பார்த்து அழுதாள். நான் அந்தக் குரலைக் கேட்டு அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அவன் நம்பர் எப்போதோ யாரிடமோ வாங்கியது. அதை அழிக்கவும் இல்லை, ஒரு நாளும் அழுத்தவும் இல்லை.

மூன்றாவது மணியில் எடுத்தான். கீரனூரிலிருந்து பேசுகிறேன் என்றேன். பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் கடையில் ஏதோ ஒரு போன் அடித்து ஓய்ந்தது.

"டிஸ்க்கு தெறந்துருச்சு" என்றேன்.

"ஜம்பர எடுத்தியா?"

எடுத்துவிட்டேன் என்றேன். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். திருச்சியில் வேலைக்குப் போன இடத்தில் இதேபோல ஒரு டிஸ்க் வந்ததாம். பார்த்ததும் புரிந்துபோய், அந்த வாரமே பஸ் ஏறி வந்தானாம். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அஞ்சு நிமிசந்தானே மாப்ள கேட்டேன்" என்றான்.

தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். அதை அவன் கேட்டானா என்று தெரியவில்லை. தங்கச்சி பார்த்ததா என்று கேட்டான். பார்த்துக்கொண்டிருக்கிறது என்றேன். நாளைக்கு அங்கே வரட்டுமா என்று கேட்டேன். அவன் வாடிக்கையாளர் யாரிடமோ, இருங்க, இந்தா வாரேன் என்று சொல்வது கேட்டது.

"கடை பத்து மணிக்குத்தான் தெறப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

உள்ளே வந்து மேஜைமேல் கிடந்த ஜம்பரைத் தேடி எடுத்து, டிஸ்க்கின் ஊசி ஒன்றில் ஒற்றைக் காலில் மாட்டினேன். மறுநாள் காலையில் டிஸ்க்கையும் போர்டையும் அதே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விராலிமலைக்குப் பஸ் ஏறினேன். இறங்கியபோது மணி எட்டரை. இறக்கியிருந்த ஷட்டருக்கு முன்னால், படிக்கட்டுக்குக் கீழே நின்றேன்.